ஆயில் சூடாகும் வரை

வண்டி வாங்க வந்தவன் பெயிண்டைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து இன்ஜின் மேல் புறங்கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டான்.

“சூடா இருக்கே மேடம்.”

“ஆமா. காலையில ஸ்டார்ட் பண்ணேன்.”

“நான் வர்றேன்னு தெரிஞ்சுதானே பண்ணீங்க?”

அவன் என்ன கேட்கிறான் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது காதுமடல் சுட்டது. விற்கிறவர்கள் அப்படிச் செய்வார்களாம். ஆறிக் கிடக்கும் இன்ஜின் கிளம்ப அடம்பிடித்தால், ஆள் வருவதற்கு முன்பே சூடுபடுத்தி வைத்துவிடுவார்கள். அப்போது முதல் உதையில் கிளம்பும். வாங்கினவன் மறுநாள் காலையில் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கூரியர் கம்பெனியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் அவனுக்கு வண்டிதான் சோறு. ஏமாறக் கூடாது என்பதில் குறியாக இருந்தான்.

“நான் தினமும் பண்ணுவேன். நீங்க வந்தாலும் வரலைன்னாலும்.”

“தினமும் எங்க போவீங்க?”

“எங்கயும் போறதில்ல. ஸ்டார்ட் பண்ணுவேன். கொஞ்ச நேரம் ஓடும். அணைச்சிடுவேன்.”

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு ஆயில் மூடியைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மூடியின் உள்பக்கம் முழுக்க வெளுத்த பசை, பால் ஏடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

“இது காத்துல ஆறுற இன்ஜின். தண்ணிங்கிற பேச்சே கிடையாது. உள்ள எப்படித் தண்ணி வந்துச்சு? வெள்ளத்துல கிடந்த வண்டியா?”

“மழையில கூட நனைஞ்சதில்லை தம்பி. மேல போர்வை போட்டு வெச்சிருந்தேன்.”

“போர்வை வெளியில போட்டீங்க. சரி, யோசிச்சு சொல்றேன்.”

அந்த வார்த்தையின் பொருள் அவளுக்குத் தெரியும். அவள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிறவள். பிரேம் பிடிக்காதவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் படியிறங்குவார்கள். இதற்கு முன் பார்த்துவிட்டுப் போனவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஏன் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இவனாவது மூடியைக் காட்டினான்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாடகை கட்டுப்படியாகிற இடமாக மூன்றாவது மாடியில் ஓர் அறை கிடைத்திருந்தது. ஒற்றை ஆளுக்குப் போதும். ஆனால் கீழே ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடம் இல்லை என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்குள் வண்டியை விற்றாக வேண்டும். விற்காவிட்டால் பழைய இரும்புக் கடைக்காரர் இருக்கிறார். தெருமுனையிலிருந்தே வண்டியைக் கண்ணால் அளந்துவிட்டு, “எடைக்குப் போட்டுக்கறேம்மா, நீங்க கவலையே படாதீங்க” என்றார். ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

வண்டி மகனுடையது. அவன் வேலைக்காக வெளிநாடு போன அன்று, வாசலில் பெட்டிகளுக்கு நடுவே நின்று, “தினம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விட்டுடும்மா, இல்லைன்னா ஜாம் ஆயிடும்” என்றான். அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்தபோதுகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து உதைத்தாள். இன்ஜின் இருமும், கனைக்கும், பிறகு சீராகும். அந்தச் சத்தத்தில் நின்றபடியே மகனை போனில் கூப்பிடுவாள். முதல் வருடம் அவன், “வண்டி சத்தம் கேக்குதும்மா!” என்று குதூகலிப்பான். பிறகு அதைச் சொல்வதை விட்டான். “சாப்பிட்டியா? தூங்கினியா? சரி, வெச்சிடறேன்.” என்று அவள் போனை வைப்பாள். வண்டியை அணைப்பாள். அத்தோடு அவளுடைய நாள் தொடங்கிவிடும்.

இரண்டு மாதம் முன்னால் அவனாகவே சொன்னான். “வித்துடும்மா. எதுக்கு சும்மா நிக்குது?”

தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் உண்டு. குள்ளம். பேசும்போதும் வேலை செய்யும்போதும் குதிகாலைத் தூக்கி எழும்பி எழும்பி இறங்குவதால் எல்லோரும் பிஸ்டன் என்று கூப்பிட்டார்கள். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். அவன் மூடியிலிருந்த பசையை விரலால் வழித்து, மோந்து பார்த்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“அக்கா, யாரு இந்த வண்டியக் கொன்னது?”

“காலங்காத்தால என்ன பேச்சு இது?”

“இல்ல, ஆளைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு.”

“பார்த்துக்கோ. நான்தான்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு குதிகாலை இறக்கினான். “ஸ்டார்ட் பண்ணி எவ்வளவு நேரம் ஓட விடுவீங்க?”

“ஒரு பாட்டு முடியற நேரம்.”

“அதான் விஷயம். உலைப்பானைய அடுப்புல வெச்சு, கொதிக்கறதுக்குள்ள இறக்கி, மூடி வெச்சா என்ன ஆகும்? மூடியில வேர்க்கும்ல? அந்த மாதிரிதான் இன்ஜின் உள்ளயும். நல்லா சூடானா ஈரமெல்லாம் ஆவியாப் பறந்துடும். அரைச் சூட்டுல அணைச்சா அந்த ஈரம் உள்ளயே தங்கி ஆயில்ல கலந்துடும். அடுத்த நாள் மறுபடி அரைச் சூடு. மறுபடி ஈரம். வருஷக்கணக்கா ஊத்தியிருக்கீங்க அக்கா, டம்ளர் டம்ளரா.”

“ஸ்டார்ட் பண்ணலைன்னா கெட்டுப்போகும்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னது? போர்த்தி சும்மா விட்டிருந்தாக்கூட இவ்வளவு கெட்டிருக்காது.”

கடை வாசலில் ஒரு பெண் ஸ்கூட்டருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். இவள் காற்று மீட்டரின் முள் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கவனமில்லாமல் கெடுத்தாய் என்றால் அதற்கு ஒரு சமாதானம் உண்டு, எல்லோரும் அசந்துபோகிறவர்கள்தான். கவனித்துக் கவனித்தே கெடுத்தாய் என்றால் என்ன செய்வது?

“இன்ஜினைப் பிரிச்சுப் போட்டா வண்டி விலையத் தாண்டிடும்,” என்றான் பிஸ்டன். “மலிவா ஒரு வழி இருக்கு. இந்த ஆயிலை வடிச்சுட்டு, இருக்கறதுலயே விலை கம்மியான ஆயிலை ஊத்துங்க. கழுவறதுக்குத்தானே. அதோட வண்டிய ரொம்ப தூரம் ஓட்டணும். ஊருக்குள்ள சுத்தறது ஆகாது. நிக்காம ஓட்டி, ஆயில் கொதிக்கக் கொதிக்க வீட்டுக்கு வந்து, சூட்டோட மறுபடி வடிச்சு, நல்ல ஆயிலா ஊத்தணும். உள்ள தேய்மானம் இல்லைன்னா தேறிடும்.”

“தேய்மானம் இருந்தா?”

“எடைக்குத்தான்.”

“நீ செஞ்சு தர மாட்டியா?”

“எனக்கு இந்த வாரம் மூச்சு விட நேரமில்லக்கா. உங்களுக்குக் கை வேலை தெரியும், லென்ஸே பிடிக்கிறீங்க. ஸ்பேனரும் தொட்டியும் தர்றேன். திருப்பிக் குடுத்துடணும், உங்க பையனை மாதிரி எடுத்துட்டுப் போயி மறந்துடக் கூடாது.”

மறுநாள் விடுமுறை. வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து வேலையைத் தொடங்கினாள். இன்ஜின் அடியில் ஆயில் வடிக்கும் மரையாணி இறுகிப் போயிருந்தது. ஸ்பேனரின் பிடியைக் காலால் மிதித்தபோது டக்கென்று விட்டுக்கொடுத்தது. கறுப்பாக வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். காப்பிக்குப் பால் அதிகமாகிவிட்டதுபோல ஒரு வெளிறிய குழம்பு, மெல்ல, மனமில்லாமல் இறங்கியது. அவள் தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை பார்த்தாள். ஒவ்வொரு காலையும் அதற்குள் இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. தள்ளினாள், மறுபடியும் வந்தது.

கடையில், பிரேமின் மேல் ஒட்டவைக்கும் குளிர்கண்ணாடிகளுக்குப் பயன்படுத்தும் காந்தத் துண்டு ஒன்று பையில் இருந்தது. அதைக் குழம்பில் விட்டு அலசினாள். இரும்புத் துகள் மின்னினால் உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள், பிஸ்டன் சொல்லியிருந்தான். காந்தத்தை எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்தாள். பூனை மயிர்போல ஒரு சாம்பல் படலம் மட்டும் இருந்தது. துகள் இல்லை. லென்ஸின் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்து இன்னொரு தரம் பார்த்தாள். இல்லை.

மரையாணியின் அடியில் ஆயில் கசியாமல் அடைக்கும் செம்பு வளையம் நசுங்கியிருந்தது. புதிது வாங்கத் தேவையில்லை. அடுப்பில் காட்டிச் சிவக்கப் பழுத்ததும் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். அப்படியே செய்தாள். ஸ்பார்க் பிளக்கில் கரி அப்பிக் கிடந்தது. பித்தளைத் தூரிகையால் தேய்த்தாள். உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, பிளக் இருந்த துளையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு மறு கையால் கிக்கரை அழுத்தினாள். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளிவிட்டு வெளியேறியது. எதிர்பார்த்ததைவிட வலுவான தள்ளல். அவள் மறுபடி அடைத்தாள். மறுபடி தள்ளியது. யாரோ உள்ளேயிருந்து, “விரலை எடு” என்கிற மாதிரி. வீட்டில் வேறொரு ஜீவன் அவளைத் தொட்டு நாளாகியிருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் மூன்றாம் முறையும் செய்தாள்.

பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றியாயிற்று. மலிவு ஆயிலும் ஊற்றியாயிற்று. இனி ஓட்ட வேண்டியதுதான். கியர் வண்டி அவளுக்கு ஓரளவு தெரியும். மகன்தான் ஒரு மைதானத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தான். சிக்கல் அதில் இல்லை. ரொம்ப தூரம் என்று பிஸ்டன் சொல்லிவிட்டான். ரொம்ப தூரத்தில் யார் இருக்கிறார்கள்?

தங்கையைக் கூப்பிட்டாள். அடுத்த ஊரில் இருக்கிறாள், தூரம் சரியாக இருக்கும்.

“அங்க வரலாம்னு பார்த்தேன்டி. வண்டியில.”

“எந்த வண்டியில? அவன் வண்டியிலயா? உனக்கென்னக்கா பைத்தியமா, இந்த வயசுல கைய கால ஒடைச்சுக்கிட்டு?”

“மெதுவாத்தான் வருவேன்.”

“அதுக்கில்ல. இன்னிக்கு இவரோட ஆபீஸ் ஆளுங்க வர்றாங்க. வீடு வேற போட்டது போட்டபடி கெடக்கு. நீ வந்தா உன்னோட உக்காந்து பேசக்கூட முடியாது. அடுத்த வாரம் வாயேன்?”

“சரி சரி. சும்மாதான் கேட்டேன்.”

“கோச்சுக்கிட்டியா?”

“சேச்சே. வெச்சிடறேன்.”

வேறு யாரையும் கூப்பிடவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போகிற இடம் என்று ஒன்று இல்லாமல் வண்டி ஓட்டுவது எவ்வளவு சங்கடமான காரியம் என்று முதல் சிக்னலிலேயே தெரிந்தது. எல்லோரும் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு இடமும் ஒன்றுதான், வலமும் ஒன்றுதான். முன்னால் போன தண்ணீர் லாரியின் பின்னாலேயே போனாள். அது ஒரு தொழிற்சாலை வாசலில் திரும்பிவிட்டது. அதன்பிறகு நேர்ச்சாலை.

முதலில் இன்ஜின் முரண்டு பிடித்தது. மேடு வந்தால் திக்கியது, இரண்டு தடவை நின்றேவிடும்போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். சைலன்சரிலிருந்து வெண்புகை கொட்டியது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் சிந்தியது. பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்து ஜன்னலை இறக்கி, “வண்டி அழுவுதும்மா!” என்று கத்திவிட்டுப் போனார். அழட்டும் என்று ஓட்டினாள். குடியிருப்புகள் முடிந்து, குடோன்களின் நீளச் சுவர்கள் முடிந்து, இரண்டு பக்கமும் வெறும் புல் வந்தது. எப்போது மாறியது என்று சொல்ல முடியவில்லை. ஒரு கட்டத்தில் முழங்காலுக்குப் பக்கத்தில் சூடு ஏறியது, சத்தம் தடித்தது, கைப்பிடியின் நடுக்கம் அடங்கியது. கண்ணாடியில் புகை இல்லை. இந்த இன்ஜின் இப்படி ஒரு குரலில் பேசி அவள் கேட்டதே இல்லை.

ஒரு பாலத்தின் ஓரத்தில் நிறுத்தி, மகனைக் கூப்பிட்டாள். வழக்கமான நேரம் இல்லை.

“அம்மா? என்ன ஆச்சு?” பதறினான்.

“ஒண்ணும் ஆகலடா. உன் வண்டியில வந்தேன்.”

“எங்க?”

“எங்கயோ. ஒரு பாலம் இருக்கு.” தடுமாறினாள். “இன்ஜின் உள்ள தண்ணி சேந்து கெட்டுப் போச்சுடா. தினமும் ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி அணைச்சதுல. நீ சொன்னியேன்னு பண்ணேன்.”

“நானா? என்ன சொன்னேன்?”

“தினமும் ஸ்டார்ட் பண்ணச் சொன்னியே. கிளம்பற அன்னிக்கு.”

அந்தப் பக்கம் யோசிப்பது கேட்டது. “ஞாபகமில்லையேம்மா. சொல்லியிருப்பேன், சும்மா வாய்க்கு வந்ததை. நீ தினமுமா பண்ணே? இத்தனை வருஷமா?”

“எப்பவாச்சும்தான்,” என்றாள். “சரி, உனக்கு வேலை இருக்கும். வெச்சிடறேன்.”

பாலத்தின் கீழே தண்ணீர் அதிகமில்லை. ஒருவர் அதில் லாரி டயரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் ஏதோ அவசர வேலை இருப்பவளைப்போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்து சூட்டோடு வடித்தாள். கை சுட்டது. இறங்கிய ஆயில் கலங்கல்தான், ஆனால் பழுப்பாக இருந்தது, வெளுப்பு விலகியிருந்தது. நல்ல ஆயிலை ஊற்றி, மூடியைத் துடைத்து மாட்டிவிட்டு, கூரியர்காரனுக்குப் போன் செய்தாள். தண்ணீர் எப்படி வந்தது, அதற்கு என்ன செய்தாள் என்பதில் எதையும் மறைக்காமல் சொன்னாள், விலையையும் சொன்னாள்.

“நாளைக்குக் காலையில வர்றேன். ஆனா ஒண்ணு, வண்டிய நீங்க தொடக் கூடாது. நானே ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும்.”

“தொட மாட்டேன்.”

மறுநாள் காலையில் அவள் முற்றத்துக்கு வந்து, சாவி இல்லாத கையோடு நின்றாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. துடைத்த இடத்தையே துடைத்தாள். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மாடியில் குடியிருக்கும் குமாஸ்தா, சட்டையின் பாதிப் பொத்தானோடு ஓடி வந்தார். வண்டிப் புகை வீட்டுக்குள் வருகிறது என்று வருடத்துக்கு ஒருமுறையாவது சண்டை போடுகிறவர்.

“என்னம்மா இன்னிக்கு வண்டி ஸ்டார்ட் பண்ணல? தூங்கிட்டேன்! ஆபீஸ்ல என்னைக் கிழிக்கப் போறாங்க!”

“நான் ஸ்டார்ட் பண்ணினாத்தான் நீங்க எந்திரிப்பீங்களா?”

“வேற எதுக்குக் கடிகாரம் வாங்காம இருக்கேன்? ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தக் கூடாதா?”

அவர் ஓடிவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் சத்தம் மேலே ஓர் ஆளை எழுப்பிக்கொண்டிருந்தது. சண்டையைத் தவிர வேறெதையும் அவரோடு பேசியதில்லை.

கூரியர்காரன் வந்தான். புறங்கையை வைத்தான். மூடியைத் திறந்து பார்த்தான். சோக்கை இழுத்து உதைத்தான். கிளம்பவில்லை. இரண்டாவதும் இல்லை. அவள் தாவணிக்காலத்துப் பரீட்சை அறையில் நிற்பவளைப்போல விரல்களைக் கோத்துக்கொண்டாள். மூன்றாவது உதையில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

“ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன். என் பையி இங்க இருக்கட்டும்.”

போனவன் வரவில்லை. தெரு வெயில் வாசற்படி வரை ஏறிவிட்டது. கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பையை விட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பையில் என்ன இருக்கும், பழைய துணியாகக்கூட இருக்கலாம் என்றும் நினைத்தாள். வழியில் இன்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டதோ? அதுதான் திருட்டைவிடப் பெரிய பயமாக இருந்தது. கை பழக்கத்தில் போனை எடுத்தது. மகனின் எண்ணைப் பார்த்தாள். அழுத்தவில்லை.

நேற்றுப் பாலத்தில் போனை வைத்தது யார் என்று யோசித்தாள். அவன் வைக்கவில்லை. “இத்தனை வருஷமா?” என்று கேட்டுவிட்டு அவன் மூச்சு விட்டது இப்போதுதான் காதில் ஏறியது. அதற்குப் பிறகு ஏதோ சொல்ல இருந்தான். அவள்தான் வைத்தாள். தினமும் அவள்தான் வைத்தாள். அவன் வாயால், “வேலை இருக்கும்மா” என்று கேட்க நேர்ந்துவிடக் கூடாதே என்று முந்திக்கொண்டு வைத்தாள். தங்கையிடமும் அப்படித்தான். எல்லோரும் தன்னோடு பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொள்வதாக அவள் இத்தனை நாள் மனதுக்குள் குறைப்பட்டிருக்கிறாள்.

சத்தம் கேட்டது. தடித்த, சூடான சத்தம். கூரியர்காரன் முகமெல்லாம் தூசியோடு வந்து நிறுத்தினான்.

“பயந்துட்டீங்களா? ஆயில் சூடாகாம எப்படித் தெரியும்? ஹைவே வரைக்கும் போயிட்டு வந்தேன். எடுத்துக்கறேன் மேடம். நேத்து போன்ல சொன்ன விலைதானே?”

“அதேதான்.”

பணமும் தாள்களும் கை மாறின. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“சும்மா நிக்க வெச்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க,” என்றாள்.

“எனக்கு நிக்க எங்க மேடம் நேரம்? நீங்க வேலைக்குத்தானே போகணும்? ஏறுங்க, விட்டு…”

“இல்ல இல்ல, நான் நடந்தே போயிடுவேன். உங்களுக்கு வேலை இருக்கும்.”

அவன் பேச்சை முடிக்கவில்லை, அதற்குள் அவள் முடித்துவிட்டாள். அவன் தலையசைத்துக் கியரை மிதித்தான். வண்டி வாசலைத் தாண்டியது.

“தம்பி!”

வண்டி நின்றது. அவள் வீட்டைப் பூட்டினாளா என்று நினைவில்லாமல் நடந்தாள்.

“கடை பழைய தபாலாபீஸ் பக்கம்,” என்றாள். “உங்களுக்கு எதிர்த்திசையா?”

“ஆமா,” என்றான் அவன், ஒளிக்காமல். “பரவால்ல. ஏறுங்கக்கா.”

அந்த வண்டியின் பின்னிருக்கையில் அவள் உட்கார்ந்து நாளாகிவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் மடியில் வைத்தாள். திருப்பத்தில் வண்டி சாய்ந்தபோது பின்கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டான்.

“ஒரு பையன்,” என்றாள். வழக்கமாக அதோடு நிறுத்திவிடுவாள். “வெளிநாட்டுல இருக்கான். என்ன வேலைன்னு கேட்டா எனக்குச் சரியாச் சொல்லத் தெரியாது. கேட்டதில்ல.”

“கேளுங்க,” என்றான் அவன், லாரி ஒன்றை முந்திக்கொண்டே. சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவன் இன்ஜினை அணைக்காமல் நின்றான். அவள் அடுத்து என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தாள்.